காட்டு ஆப்பிளும் வெண்வால் மானும்

கனிதரும் மரத்தை நடுவோன் அதன் கனியைத் தான் உண்ணவோ பிறர்க்கு விற்கவோ கருதியே நடுகிறான். உலக வழக்கு அதுவே. ஆனால் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் நாட்டுப்புறத்தில் நிலம் உடையோர் பலர், ஒரு கனியையேனும் தாம் பறிக்க எண்ணாமல் ஒரு மரத்தை நட்டுப் பேணி வளர்க்கின்றனர். ஆங்கிலத்தில் அதற்குக் 'கிராப் ஆப்பிள்' என்று பெயர். கடையில் நாம் வாங்கும் ஆப்பிளுக்கு அது நெருங்கிய உறவு, உருவில் சிறியது, புளிப்பும் துவர்ப்பும் மிக்கது. தமிழில் அதனைக் காட்டு ஆப்பிள் என்று வழங்கலாம்.

மானும், நரியும், முயலும், பறவையும் வந்து உண்ண வேண்டும் என்பதே இம்மரத்தை நடுவோரின் நோக்கம். அவர்களுள் வேட்டையில் விருப்பம் உடையோரும் உளர்; வேட்டையை வெறுத்து, வீட்டுச் சன்னல் வழியே மானைக் கண்டு மகிழ்வோரும் உளர். விலங்கிற்கு உணவளிப்பது நல்ல செயல்தானே, அதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆராய நிரம்ப இருக்கிறது. எந்த வகை மரம், அது எந்தத் திங்களில் கனி உதிர்க்கும், அக்கனி யார் வாய்க்குப் போகும், வருகின்ற விலங்கு எத்தனை என்பவற்றை அறியாமல் நட்டால் மரமும் பிழைக்காது. விலங்கும் நன்மை பெறாது. உணவளிக்கும் எண்ணமே மானைக் கொன்ற நிகழ்ச்சிகளும் உண்டு. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

மரத்தின் குலம்

ஆப்பிள் இனங்கள் அனைத்தையும் பயிர்நூலார் 'மாலஸ்' என்னும் பேரினத்துள் அடக்குவர். கனியின் குறுக்களவு 2 அங்குலத்திற்கு மேற்பட்டால் ஆப்பிள் என்றும், அதற்கு உட்பட்டால் கிராப் ஆப்பிள் என்றும் அமெரிக்கத் தோட்டக்கலை வல்லார் பிரித்துக் கூறுவர். ஆகவே இப்பெயர் ஒரே மரத்தைக் குறிப்பதன்று. பல இனங்களையும் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த நூற்றுக்கணக்கான வகைகளையும் குறிக்கும் பொதுப்பெயர் அது.

நாம் உண்ணும் ஆப்பிளின் முதன்மையான முன்னோர் நடு ஆசியாவின் தியான்சான் மலைச்சாரலில் தோன்றியது. ஐரோப்பியக் குடியேறிகள் 17ஆம் நூற்றாண்டில் அதனை வட அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றனர். அவர்கள் செல்வதற்கு முன்பே அக்கண்டத்தில் காட்டு ஆப்பிள் இனங்கள் நான்கு இருந்தன. கிழக்குப் பகுதிக் காடுகளில் ஒன்று, நடுவிலுள்ள பிரெய்ரிப் புல்வெளி ஓரங்களில் ஒன்று, தென்கிழக்கு மாநிலங்களில் ஒன்று, மேற்கே பசிபிக் கரையோரத்தில் ஒன்று. இவற்றுள் முதல் மூன்றும் நறுமணமுள்ள இளஞ்சிவப்புப் பூக்களைப் பூக்கும். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் கெட்டியான கனிகளைத் தரும். முள்போல் கூர்மையான சிறுகிளைகள் இவற்றுக்கு உண்டு. வேரிலிருந்து பக்கக் கன்றுகள் எழுந்து புதராகப் பரவும். அப்புதர்கள் சிறு பறவைகள் கூடு கட்டவும், முயல்கள் ஒளியவும் இடமாகும்.

பின்னாளில் ஆசியாவிலிருந்து வேறு இனங்களும் அங்குப் போய்ச் சேர்ந்தன. பாஸ்டன் நகரின் ஆர்னால்டு மரப்பூங்காவின் தலைவராக இருந்த சார்லஸ் சார்ஜன்ட் 1892-இல் சப்பானிலிருந்து கொணர்ந்த குறுமரம் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. பட்டாணி அளவே உள்ள அதன் செந்நிறக் கனிகள் குளிர்காலத்திலும் கிளையை விட்டு விழுவதில்லை. தெற்கு டகோட்டாவில் பணியாற்றிய நீல்ஸ் ஹான்சன் என்பார் 1897-இல் ரஷ்யாவிலிருந்து பெற்ற விதையினின்று 'டோல்கோ' என்னும் வகையை உருவாக்கி 1917-இல் வெளியிட்டார். கடுங்குளிரைத் தாங்கும் இம்மரம் ஒன்றேகால் அங்குல அளவில் செக்கச் சிவந்த கனிகளைக் கோடை இறுதியிலேயே உதிர்த்துவிடும்.

ஆப்பிள் விதை தாய்மரத்தைப் போன்ற மரத்தைத் தருவதில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒரு கனியில் உள்ள ஐந்து விதைகளை ஊன்றினால் ஐந்து வேறுபட்ட மரங்கள் எழும். எனவே குறித்த வகை வேண்டுவோர் ஒட்டுக்கன்று வாங்குகின்றனர். அது மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். விதைக்கன்றுக்கு இன்னும் நெடுங்காலம் வேண்டும்.

மானின் வயிறு

வட அமெரிக்காவில் மிகப் பரவலாகக் காணப்படுவது வெண்வால் மான். அச்சமுற்று ஓடும்போது வாலை உயர்த்தும். அடிப்புறத்து வெண்மை கொடிபோல் தோன்றும். அதனாலேயே அப்பெயர் பெற்றது.

இம்மான் ஆட்டையும் மாட்டையும் போல் அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தழையையும் சுள்ளியையும் நொதிக்கச் செய்து மானுக்கு வேண்டிய சத்தாக மாற்றுபவை அவையே. இந்த நுண்ணுயிர்க் கூட்டம் பருவத்திற்கேற்ப மாறும். கோடையில் மென்தழை, இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டையும் கனியும், குளிர்காலத்தில் மொட்டும் சுள்ளியும் என உணவு மெல்ல மாறுவதற்கு இணையாக நுண்ணுயிர்களும் மாறிக்கொள்ளும். அதற்குச் சில வாரங்கள் வேண்டும். இவ்வுண்மையை மனத்தில் வைத்துக்கொள்க. பின்னர் இது பயன்படும்.

காட்டு ஆப்பிள் மானின் முழு உணவு அன்று. சர்க்கரைச் சத்தினால் விரைவில் ஆற்றல் தரும் துணையுணவு. குளிர்காலத்திற்கு முன் மான் உடலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இலையுதிர் காலத்தில் அதற்கு மதிப்பு மிகுதி.

கனி உதிரும் காலம்

விலங்கிற்கென மரம் நடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கனி எவ்வளவு என்பதன்று; எப்போது என்பதே. ஆகஸ்டு, செப்டம்பர் திங்களில் எல்லாக் கனியையும் உதிர்க்கும் மரம் ஒன்று மட்டும் இருந்தால் மூன்று வாரத்தில் விருந்து முடிந்துவிடும். ஆகவே பட்டறிவு மிக்கோர், முன்பருவத்தில் உதிர்ப்பது, அக்டோபர், நவம்பரில் உதிர்ப்பது, குளிர்காலம் முழுதும் கிளையிலேயே வைத்திருப்பது என மூவகை மரங்களைக் கலந்து நடுகின்றனர்.

உதிர்க்கும் மரமும் உதிர்க்காத மரமும் வெவ்வேறு விருந்தினருக்கு உரியன. தரையில் விழும் பெருங்கனி மானுக்கும், நரிக்கும், ரக்கூனுக்கும், கருங்கரடிக்கும் ஆகும். கிளையில் நிற்கும் சிறுகனி பறவைக்கு ஆகும். செடார் வேக்ஸ்விங் என்னும் பறவை கூட்டங்கூட்டமாக வந்து சிறு கனியை முழுதாக விழுங்கும்; கனி பெரிதானால் அதன் அலகிற்கு அடங்காது. அமெரிக்க ராபினும் அவ்வாறே. இலையுதிர் காலத்தில் கெட்டியாகவும் புளிப்பாகவும் இருக்கும் கனி, பலமுறை உறைந்து உருகியபின் மென்மையாகிறது. பனி மூடிய நிலத்தில் வேறு உணவு அரிதாகும் பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் பறவைகள் இதனை நாடுவதற்கு அதுவே காரணம். நொதித்துப்போன கனியைத் தின்று வேக்ஸ்விங் தள்ளாடுவதும் உண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை. நகரத் தோட்டங்களில் கனி விழுந்து நடைபாதை அழுக்காவதை விரும்பாதோருக்கென, பூ மட்டும் பூத்துக் கனியே தராத வகைகளும் விற்கப்படுகின்றன. 'ஸ்பிரிங் ஸ்நோ' அத்தகையது. வெண்பனி போர்த்தாற்போல் அழகாகப் பூக்கும். ஆனால் பசித்து வரும் பறவைக்கு அதில் ஒன்றும் இல்லை. பூவின் அழகைக் கண்டு வாங்குவோர் இதனை மறந்துவிடலாகாது.

நடும் முறை

இம்மரத்திற்கு நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் வேண்டும். நீர் தேங்காத நிலம் வேண்டும். குழியை வேர்க்கட்டின் அகலத்தைப்போல் இருமடங்கு, மும்மடங்கு அகலமாகத் தோண்டலாம். ஆழம் மிகுதல் கூடாது. தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்மட்டத்திலேயே இருத்தல் வேண்டும். மரங்களுக்கிடையே 15 முதல் 20 அடி விடுவர். ஆப்பிள் மரங்களில் பெரும்பாலானவை தன் பூந்தாதினால் தானே காய்ப்பதில்லை. எனவே ஒரே காலத்தில் பூக்கும் இரு வேறு வகைகளை அருகருகே நடல் வேண்டும். ஒரே வகையின் ஒட்டுக்கன்றுகள் பத்தை நட்டாலும் அவை ஒரு மரத்திற்கே சமம்.

நோய்களுள் மூன்று முதன்மையானவை. இலையிலும் கனியிலும் கரும்புள்ளி உண்டாக்கும் சொறிநோய் ஒன்று. பாக்டீரியாவினால் கிளைநுனி தீப்பட்டதுபோல் கருகும் கருகல் நோய் மற்றொன்று. மூன்றாவதாகிய துரு நோயின் வாழ்க்கை வியப்பானது. அப்பூசணம் தன் வாழ்நாளின் ஒரு பாதியைச் செஞ்செடார் எனப்படும் சூனிப்பர் மரத்திலும், மறுபாதியை ஆப்பிள் மரத்திலும் கழிக்கும். வேனில் தொடக்கத்து மழையில் செடாரின் முடிச்சுகளிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பசைபோன்ற கொம்புகள் நீளும். அவற்றின் வித்துகள் காற்றில் பறந்து ஆப்பிள் இலையில் ஒட்டும். அமெரிக்காவின் சொந்தக் காட்டு ஆப்பிள்கள் இத்துருவுக்கு எளிதில் இரையாகின்றன. ஆகவே செடார் மிகுந்த இடத்தில் நடுவோர் நோயெதிர்ப்பு உள்ள வகையைத் தேர்ந்தெடுத்தல் நன்று.

மற்றொன்று: விருந்தினர் வரும் வழியையும் எண்ண வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட முறை மான்கள் ஊர்திகளில் மோதுகின்றன. சாலையோரத்தில் மானுக்கு மரம் நடுவது மானுக்கும் தீது, மனிதருக்கும் தீது.

விருந்தினரிடமிருந்து விருந்தைக் காத்தல்

மானுக்காக நட்ட மரத்தை மானே கொன்றுவிடும் என்பது இத்துறையின் முதற்பாடம். கன்றின் இளந்தளிர் மானுக்கு இனியது. ஆறடி உயரம் வரை வாய்க்கு எட்டும் எல்லாவற்றையும் அது கடித்துவிடும். வளருநுனி மீண்டும் மீண்டும் போவதால் கன்று பல ஆண்டுகள் நின்ற இடத்திலேயே நின்று, இறுதியில் மடியும்.

கடித்தது யார் என்பதைச் சுள்ளியே சொல்லும். மானுக்கு மேல் முன்வாய்ப் பற்கள் இல்லை. ஆதலின் அது சுள்ளியைப் பிய்த்து இழுக்கும்; முனை நார்நாராகக் கிழிந்திருக்கும். முயலுக்கு மேலும் கீழும் கூரிய பற்கள் உண்டு. அது கடித்த முனை கத்தியால் சாய்வாக நறுக்கியது போல் இருக்கும்.

மற்றொரு தீங்கு கொம்பினால் வருவது. கலைமானின் கொம்பு ஆண்டுதோறும் முளைத்து உதிர்வது. வளரும்போது அதனை மென்மயிர்த் தோல் மூடியிருக்கும். செப்டம்பரில் அத்தோலை உரிக்கவும், பின்னர்ப் புணர்ச்சிப் பருவத்தில் தன் மணத்தை அடையாளமாக வைக்கவும் கலைமான் இளமரத்தில் கொம்பைத் தேய்க்கும். பட்டை உரிந்துவிடும். இலையில் ஆக்கப்பட்ட உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறத்து நாளங்கள் வழியாகவே. தண்டைச் சுற்றிலும் பட்டை போய்விட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகும். பனிக்கடியில் வாழும் சிற்றெலிகளும் அடித்தண்டைச் சுற்றிக் கொறித்து இதே அழிவைச் செய்யும்.

காப்பு எளியதே. ஐந்தடி உயரமுள்ள கம்பி வலையை நான்கடி அகல வட்டமாகக் கன்றைச் சுற்றி நிறுத்துவர். பெருந்தோட்டத்திற்கு வேலி இடுவதானால் எட்டடி வேண்டும். ஏனெனில் மான் உயரத் தாண்டும். ஆனால் இறங்கி நிற்க இடமில்லாத சிறு வட்டத்திற்குள் அது குதிக்காது. அடித்தண்டிற்கு, பனி உயரத்திற்கும் மேலே எட்டுமாறு, நெருக்கமான கண்ணுள்ள கம்பி வலையைச் சுற்றுவர். கிளைகள் மானின் வாய்க்கு எட்டாத உயரம் அடைந்து, தண்டும் தடித்தபின்பே வலை நீக்கப்படும். 'வேலியே பயிரை மேய்ந்தது' என்பது நம் பழமொழி. இங்கே விருந்தினரே பயிரை மேய்வதால், விருந்து நடைபெறுவதற்கே வேலி வேண்டியிருக்கிறது.

குவியலும் மரமும்

ஐந்தாண்டு காத்திருப்பானேன், ஒரு மூட்டை மக்காச்சோளத்தைக் கொட்டினால் நாளையே மான் வருமே என்பர் சிலர். வரும். ஆனால் முன்னர்க் கூறிய இரைப்பையை இங்கே நினைக்க வேண்டும். நடுக்குளிரில் சுள்ளி தின்று வாழும் மானின் நுண்ணுயிர்கள் சுள்ளிக்கே பழகியிருக்கும். அந்நிலையில் மாவுச்சத்து மிகுந்த மக்காச்சோளத்தை வயிறு நிறையத் தின்றால் அது விரைந்து நொதித்து அமிலம் பெருகும், நுண்ணுயிர்கள் மடியும், மூன்று நாட்களுக்குள் மானும் மடியலாம். இறந்த மானை அறுத்துப் பார்த்தால் வயிறு நிறைந்திருக்கும். பசியைப் போக்க எண்ணிக் கொட்டிய உணவே கூற்றாக முடிகிறது.

இரண்டாம் தீங்கு நோய். மானை உருக்குலைத்துக் கொல்லும் மெலிவு நோய் 1967-இல் கொலராடோவில், ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்களிடையே முதன்முதல் அறியப்பட்டது. பிரியான் என்னும் திரிந்த புரதத்தால் இது விளைகிறது. மருந்தில்லை. உமிழ்நீர், சிறுநீர், சாணம் ஆகியவற்றின் வழியே பரவும். மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். 2002-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் இது கண்டுபிடிக்கப்பட்டபின் பல மாநிலங்கள் மானுக்குத் தீனி கொட்டுவதைத் தடை செய்தும் கட்டுப்படுத்தியும் சட்டம் இயற்றின. பல மான்கள் ஒரே குவியலில் வாய் வைத்தால் நோய் பரவுதல் எளிது என்பதே காரணம்.

மரம் அவ்வாறு கொட்டுவதில்லை. பருவம் அறிந்து, பல வாரங்களாகச் சிறிது சிறிதாக உதிர்க்கிறது. மானின் வயிறு பழகுவதற்கு நேரம் கிடைக்கிறது. எனினும் ஒரே மரத்தடியில் எல்லா மானும் கூடினால் அம்மரமும் ஒரு குவியல் போன்றதாகிவிடும். ஆகவே மரங்களை நிலத்தின் பல மூலைகளிலும் பரப்பி நடுதல் நலம்.

எண்ணிக்கை மிகுந்தால்

1900ஆம் ஆண்டளவில் வட அமெரிக்காவில் வெண்வால் மான்கள் ஏறத்தாழ 5 லட்சமோ, அதனினும் குறைவாகவோ இருந்தன என்று மதிப்பிடுவர். தோலுக்கும் இறைச்சிக்குமாகச் சந்தை வேட்டை நடந்தது, காடுகளும் அழிந்தன. அவ்வாண்டில் இயற்றப்பட்ட லேசிச் சட்டம், முறைகேடாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரிப்பணத்தைக் காட்டுயிர் மீட்சிக்கு ஒதுக்கியது. இன்று அம்மான்கள் ஏறத்தாழ 3 கோடி.

இம்மீட்சி பெரும் வெற்றியே. ஆனால் ஓநாயும் மலைச்சிங்கமும் மறைந்துவிட்ட கிழக்குக் காடுகளில், மிகுந்துவிட்ட மான்கள் தரைமட்டப் பூஞ்செடிகளையும் இளமரங்களையும் தின்று தீர்க்கின்றன. வேலியிட்டு மானை விலக்கிய சிறு பகுதிகளில் கன்றுகள் செழித்து எழுவதும், வேலிக்கு வெளியே தரை வெறுமையாய்க் கிடப்பதும் பல இடங்களில் காணப்பட்ட உண்மை. இளமரம் இல்லாக் காட்டில் முதுமரம் விழுந்தபின் நிற்பது எது? விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்டு 1940-களிலேயே இதனை எடுத்துரைத்தார். மானின் தொகையைக் குறைத்தாலன்றிக் காடும் பிழைக்காது, மானும் பிழைக்காது என்று அவர் வாதிட்டார். மானை விரும்பிய பொதுமக்கள் பலர் அவர்மீது சினங்கொண்டனர். ஆனால் உணவு தீர்ந்த காட்டில் மான்கள் பட்டினியால் மடிவதை அவர் கண்டிருந்தார்.

எனவே காட்டு ஆப்பிள் நடுவோர் தம் நிலத்தில் மான் குறைந்துள்ளதா, மிகுந்துள்ளதா என்பதை முதலில் அறிய வேண்டும். மிகுந்திருந்தால், மேலும் மானை அழைப்பது காட்டிற்குச் செய்யும் உதவியாகாது. அங்குப் பறவைக்கு உரிய சிறுகனி மரங்களை நடுவதே தக்கது. அயல்நாட்டு இனங்களின் விதைகளைப் பறவைகள் காட்டிற்குள் கொண்டு செல்வதையும் எண்ணி, அவ்வட்டாரத்திற்கே உரிய இனத்தை விரும்பி நடுவோரும் உளர். நோய் கண்டாலும் தம் மண்ணின் மரம் என்பது அவர்கள் கருத்து.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

இம்மரத்தை நம் மலேசியத் தாழ்நிலத்தில் நட்டுப் பயனில்லை. இதன் மொட்டுகள் உறக்கம் தெளிந்து மலர்வதற்கு, 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் பல நூறு மணி நேரம் வேண்டும். விதை முளைப்பதற்கும் இரண்டு மூன்று திங்கள் குளிர் வேண்டும். ஆயினும் இம்மரத்தைப் பற்றிய செய்தி வகுப்பறைக்குப் பயன்படும்.

மரத்தால் விளையும் பயன் யாது என்று கேட்டால் நிழல், கனி, பலகை என்று மாணவர் பட்டியல் தருவர். எல்லாம் மனிதனுக்கு ஆவன. பள்ளித் தோட்டத்தில் நிற்கும் ஏதேனும் ஒரு மரத்தைக் காட்டி, வேறு நான்கு கேள்விகளைக் கேட்கலாம்: இதனை உண்பவர் யார்? எந்தத் திங்களில் உண்கின்றனர்? இது கன்றாயிருந்தபோது இதனைக் காத்தது எது? உண்ண வருவோர் தொகை பெருகினால் இதற்கு என்ன நேரும்? முதலிரண்டிற்கும் விடை காண மாணவர் ஓராண்டுக் காலம் மரத்தைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டியிருக்கும். அவ்வாறு எழுதிய குறிப்பேடு, பாடநூலில் இல்லாத ஒரு பாடமாக அமையும்.